சர்வகட்சிக் கூட்டம் கூட்டிய துணைவேந்தர்

தலைமை நாற்காலியைத் தளராது தாங்கி அமர்ந்திருக்கும் தகைமையாளரே, நமது அறிவொளி வாசகசாலையின் அன்றும் இன்றும் ஒரே தலைவரே, எதிர்த்துப் போட்டியிட வந்தவர்களையெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்த பெருந்தகையே, பொன்னையன் அண்ணாச்சி அவர்களே. முன்வரிசையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே, நாற்காலி கிடைக்காததால் நின்றுகொண்டே பெரியோர்களாக இருப்பவர்களே. வலப்பக்கம் பாய் விரித்து, மடியில் பிள்ளைகளோடும் மனத்தில் அடுப்போடும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே. தமிழில் பேசினால் மலையாளத்தில் சிரிக்கும், மலையாளத்தில் பேசினால் தமிழில் கொட்டாவி விடும் எல்லையோரத்து எழில்மிகு மக்களே. ஒற்றசேகரமங்கலம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கிய வழிப்போக்க அன்பர்களே, பஸ் வந்தால் நீங்கள் எழுந்து போகலாம், நான் வருந்தமாட்டேன். உங்கள் அனைவரின் பொற்பாதங்களுக்கும் பக்கத்து ஊராகிய காரோட்டிலிருந்து வந்திருக்கும் தமிழாசிரியன் ராஜதாஸின் பணிவான வணக்கம்.

நோட்டீசைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலைப் பொட்டலத்துக்கு முன்பாகவே அது உங்கள் கைக்கு வந்திருக்கும். அதில் என் பெயர் அச்சகத்தின் பெயருக்கு மேலே, அதைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது. போகட்டும். ஆனால் இன்றைய விழா நாயகரைப் பற்றி அதில் என்ன போட்டிருக்கிறார்கள்? "ஆப்பிரிக்காவை வென்று ஊர் திரும்பும் துணைவேந்தர் டாக்டர் தாணுமாலயன் அவர்களுக்கு மாபெரும் ஸ்வீகரணம்." அச்சும் அழகு, வரவேற்பை மலையாளத்தில் ஸ்வீகரணம் என்றதும் அழகு, அடைமொழியும் அழகு, அதில் உள்ள செய்தி மட்டும் உண்மையல்ல. அவர் ஆப்பிரிக்காவை வெல்லவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு அவரைப் பெட்டி கட்டக்கூட நேரம் கொடுக்காமல் விமானத்தில் ஏற்றி அனுப்பியது. வென்றவர்களை யாரும் அப்படி அனுப்புவதில்லை.

அய்யா தலை குனிகிறார். அருகில் அவர் துணைவியார் ஆனந்தவல்லி அம்மையார் தலை நிமிர்ந்துதான் இருக்கிறார். நல்லது, அப்படியே இருங்கள் அம்மா.

தாணுமாலயன் யார்? இதே கொல்லயிலில் பிறந்தவர். நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தென்னந்தோப்பு வழியாக நடந்து போனவர். வேதியியல் படித்தார், அதையே படிப்பித்தார், எழுபதுகளில் ஆப்பிரிக்கா போனார். முன்னோர்கள் மகாராஜாவின் கச்சேரியில் கணக்கெழுதியவர்கள். ஆகவே பணிவு அவருக்குப் பரம்பரைச் சொத்து. உரக்கப் பேசமாட்டார். ஒருவரை எதிர்க்கவேண்டி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் போய்விடுவார். இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாட்டின் அரசாங்கத்தையே நடுங்க வைத்தார் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. நம் ஊரில் ஒரு பிரச்சினை வந்தால் என்ன செய்வோம்? காவல் நிலையத்துக்குப் போவோமா? போவோம், பிறகு. கோவிலில் முறையிடுவோமா? அதுவும் பிறகு. முதலில் என்ன செய்வோம்?

ஆம், வாழைக்குலைக் கடைப் பக்கத்திலிருந்து சரியாகச் சொன்னார்கள். சர்வகட்சிக் கூட்டம் கூட்டுவோம்.

கால்வாயில் தண்ணீர் வரவில்லையா? சர்வகட்சிக் கூட்டம். தண்ணீர் அளவுக்கு மீறி வந்துவிட்டதா? சர்வகட்சிக் கூட்டம். சந்திப்பில் ஆலமரக் கிளை ஒன்று மின்கம்பியில் உரசியதே, நினைவிருக்கிறதா? வெட்டலாமா கூடாதா என்று இதே இடத்தில் கூட்டம் கூடியது. கூட்டம் முடிவதற்குள் கிளை தானாக முறிந்து விழுந்தது. விழுந்ததை வரவேற்று எல்லாக் கட்சிகளும் கூட்டறிக்கை வெளியிட்டன.

இதற்கென்று சில முறைமைகள் உண்டு. எவரும் தலைமை இடத்தில் இருப்பதாகத் தோன்றாதபடி நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். பால் விடாத கட்டன்சாயாவும் பருப்புவடையும் வேண்டும். எல்லாரும் பேச வேண்டும், யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கலையும்போது ஓர் ஒத்த அறிக்கை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்சியைக்கூட அழைக்காமல் விட்டுவிடக் கூடாது. ஊரில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் இருக்கிற கட்சியானாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாற்காலி உண்டு. இந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர்தான் நம் தாணுமாலயன். வெளியூர்க்காரனுக்கு இது வேடிக்கை. நமக்கு மூச்சு விடுவது போல.

சரி, இனி ஆப்பிரிக்கா போவோம். டிக்கெட் வேண்டாம், இருந்த இடத்திலேயே இருங்கள்.

கடந்த ஆண்டு, தொண்ணூற்றி இரண்டில், அந்த நாட்டில் வறட்சி இல்லை. மழை பெய்யவில்லை, கிணறுகள் வற்றின, மாடுகள் செத்தன, சோளம் தட்டையாகவே கருகியது. ஆனால் வறட்சி இல்லை. வறட்சி இல்லை என்று வானொலி தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்த நாட்டில் ஒரே ஒரு வானொலி. ஒரே ஒரு கட்சி. வேறு கட்சி தொடங்குவது குற்றம். வேறு கட்சி தொடங்கலாமா என்று கேட்பதும் குற்றம்.

அந்த நாட்டின் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளாதாரம் கற்பித்தவர் தெம்வா என்ற இளம் ஆசிரியை. அவர் ஒருநாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, "கிழக்கு மாவட்டங்களில் இந்த வருடம் சோளம் விளையவில்லை. மக்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. பாடத்தைப் பாடமாகச் சொன்னார். வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பரீட்சைக்காக எழுதவில்லை. மாலைக்குள் செய்தி தலைநகரம் போய்ச் சேர்ந்தது.

அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. காவல்துறை பல்கலைக்கழக வளாகத்துக்குள் வந்து ஓர் ஊழியரைப் பிடிக்க வேண்டுமானால் துணைவேந்தரின் சம்மதம் வேண்டும். ஆனால் துணைவேந்தர் அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டால் அவர் ஊழியரே அல்ல, பிடித்துக்கொண்டு போகலாம். ஆகவே நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெம்வாவுக்கும் சிறைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் போட வேண்டிய துணைவேந்தர் என்ன செய்தார்? அவருக்குப் பல்வலி வந்தது. சாதாரணப் பல்வலி அல்ல, லண்டனில் மட்டுமே தீரக்கூடிய பல்வலி. அன்றே விமானம் ஏறினார். போகும்போது பொறுப்புத் துணைவேந்தராக யாரை அமர்த்தலாம் என்று யோசித்தார்கள். உள்ளூர்ப் பேராசிரியர்களுக்கெல்லாம் வீட்டில் ஏதேதோ சுகக்கேடு. மீதியிருந்தவர் வேதியியல் துறையின் வெளிநாட்டுக்காரர். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர், அமைதியானவர், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தார்கள். இப்படியாகத்தான் கொல்லயில் தாணுமாலயன் துணைவேந்தர் ஆனார். நம் நோட்டீசில் இது இல்லை.

மறுநாளே கட்சியின் வட்டாரச் செயலாளர் ஆணையோடு வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் தெம்வாவை நீக்க வேண்டும் என்றார். அய்யா கண்ணாடியைத் துடைத்தார். "ஆகட்டும், எல்லாரோடும் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்றார். செயலாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்த வாக்கியம் அவருக்கு விளங்கவில்லை. அந்த நாட்டில் யாரும் யாரோடும் கலந்து பேசுவது வழக்கமில்லை.

அவர் போனதும் நம் அய்யா என்ன செய்தார்? நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதையே செய்தார். தட்டச்சு செய்யும் அம்மையாரைக் கூப்பிட்டு, "பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டுள்ள நிலைமையைப் பற்றி ஆலோசிக்க வியாழக்கிழமை சர்வகட்சிக் கூட்டம். அனைத்துக் கட்சிகளும் கலந்துகொள்ள வேண்டுகிறேன். துணைவேந்தர்" என்று அடிக்கச் சொன்னார். எந்தெந்தக் கட்சிகள் என்று அந்த அம்மையார் மெல்லக் கேட்டார். எல்லாக் கட்சிகளும்தான், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று இவர் அழுத்திச் சொன்னார். அம்மையார் அடித்தார். அறிக்கை பலகையில் ஒட்டப்பட்டது. அய்யா கடமை முடிந்த நிறைவோடு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

தாய்மார்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. அந்த வீட்டிலும் ஒரு தாய்க்குத்தான் முதலில் புரிந்தது. ஆனந்தவல்லி அம்மையார் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் பலகையைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து குடையைக்கூட மடக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, போர்டுல என்னவாக்கும் எழுதி ஒட்டியிருக்கியோ?"

"சர்வகட்சிக் கூட்டம்."

"இந்த நாட்டுல எத்தற கட்சி உண்டு?"

அய்யா சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"ஒண்ணு" என்றார்.

"பின்ன?"

"மறந்துபோச்சு, ஆனந்தம்."

அன்பர்களே, அவையோரே, ஆன்றோரே. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ புரட்சிகள் எழுந்திருக்கின்றன. கோபத்தில் எழுந்தவை உண்டு, கொள்கையில் எழுந்தவை உண்டு. மறதியில் எழுந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும். சட்டத்தை மீற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே அந்த நிமிடத்தில் அவர் நினைவில் இல்லை. பிரச்சினை என்றதும் அவருடைய கை நம் ஊர்க் கையாகிவிட்டது.

ஆனால் கவனியுங்கள். மறந்து ஒட்டியதைப் பற்றி நான் பெருமை பேச வரவில்லை. மறந்து யாரும் எதையும் ஒட்டலாம். நினைவு வந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி.

கிழித்துவிடலாம் என்றுதான் கிளம்பினார். இதை அவரே என்னிடம் சொன்னார், நான் மறைக்கமாட்டேன். பலகையின் முன் மாணவர்கள் நின்றிருந்தார்கள். சத்தம் இல்லை. ஒருவர் படித்துவிட்டு விலக, அடுத்தவர் வந்து படித்தார். தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். "அனைத்துக் கட்சிகளும்" என்ற இரண்டு சொற்களை அந்த நாட்டில் அரசாங்க முத்திரையோடு யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டத்தின் ஓரத்தில் தெம்வா நின்றார். அய்யாவின் கை பலகைப் பக்கம் நீண்டதைப் பார்த்தார்.

"கிழிக்க வந்தீர்களா, ஐயா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லையாம். மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாராம். கிழித்தால் வெள்ளிக்கிழமை தாம் எங்கே இருப்போம் என்பது அவருக்குத் தெரியும். கிழிக்காவிட்டால் தாம் எங்கே இருப்போம் என்பது இவருக்கும் தெரியும். வீடு, வேலை, ஒப்பந்தம், நெய்யாற்றின்கரையில் கட்டி முடியாத மாடி எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண்முன் வந்து போயின.

"இல்லை, நேரம் போட மறந்துவிட்டேன். போட வந்தேன்" என்றார் தாணுமாலயன். பேனாவை எடுத்தார். பிற்பகல் மூன்று மணி என்று எழுதினார். ஒரு நொடி யோசித்துவிட்டு, கீழே இன்னொரு வரியும் எழுதினார்: "தேநீர் உண்டு."

கை தட்டுங்கள். இந்த இடத்தில் தட்டாமல் பிறகு எங்கே தட்டப் போகிறீர்கள்?

வியாழக்கிழமை வந்தது. ஆனந்தவல்லி அம்மையார் ஊரிலிருந்து கொண்டுபோன துவரம்பருப்பு முழுவதையும் ஊறப்போட்டு வடை சுட்டார். வேண்டாம் என்று கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் என்றால் வடை இருக்க வேண்டும், அவ்வளவுதான். மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மூன்று மணிக்குக் கட்சிச் செயலாளர் வந்தார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் வெறும் நாற்காலிகள். இவையெல்லாம் யாருக்கு என்று கேட்டார். வருகிறவர்களுக்கு என்றார் அய்யா. யாரும் வரமாட்டார்கள் என்றார் செயலாளர். இருவரும் காத்திருந்தார்கள்.

முதலில் வந்தவர் தட்டச்சு அம்மையார். செயலாளரைப் பார்த்தார், எதிரே இருந்த நாற்காலியில் அமர்ந்தார். நீ எந்தக் கட்சி என்று செயலாளர் உறுமினார். அந்த அம்மையார் சொன்ன பதிலை இந்த மேடையில் அப்படியே சொல்கிறேன்.

"அந்த நாற்காலியில் இல்லாத கட்சி" என்றார்.

பிறகு வந்தார்கள். வரலாறு வந்தது, விலங்கியல் வந்தது. சர்ச்சுப் பாதிரியார் வந்தார். மாணவர்கள் வந்தார்கள், மாணவர்களுக்குப் பின்னால் மாணவர்கள் வந்தார்கள். நாற்காலிகள் நிறைந்தன, தரை நிறைந்தது, ஜன்னல் நிறைந்தது. தெம்வாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். அய்யா முறைப்படி ஒவ்வொருவரையும் பேச அழைத்தார். யாரும் அரசாங்கத்தைத் திட்டவில்லை. யாரும் தெம்வாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து தம் ஊரின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் ஊரில் இந்த வருடம் சோளம் விளையவில்லை என்றார்கள். உட்கார்ந்தார்கள். அடுத்தவர் எழுந்தார். எங்கள் ஊரிலும் விளையவில்லை. அடுத்தவர். எங்கள் ஊரிலும். ஒரு வகுப்பறையில் ஒருத்தி சொன்னதை ஒரு மண்டபம் முழுக்கச் சொன்னது. குற்றம் என்றால் இப்போது எல்லாரும் குற்றவாளிகள். யாரைப் பிடிப்பது? எந்த வண்டியில் ஏற்றுவது?

கடைசியில் கூட்டறிக்கை. கூட்டறிக்கை இல்லாமல் கலைய நம் ஆளுக்கு மனம் வருமா? "இந்த வருடம் சோளம் விளையவில்லை என்று எல்லாக் கட்சிகளும் ஒருமனதாகக் கருதுகின்றன." இதுதான் அறிக்கை. செயலாளர் மட்டும் ஒப்பமிட மறுத்தார். ஆனால் எழுந்து போகும்போது தட்டில் மிச்சமிருந்த வடைகளைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகளுக்கு என்று மெல்லச் சொல்லி, ஒரு தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டார். அவருடைய ஊரின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அதே செயலாளர் ஆணையோடு வந்தார். கையெழுத்து என்றார். அய்யா அங்கே ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, எங்களிடம் சொன்னது இது: "கூட்டத்துல அப்பிடி ஒரு தீருமானம் வரல்லியே. நான் எப்பிடிப் போடுவேன்?"

என்ன அங்கே, ஆலமரத்தடியில் ஒரு கேள்வி? உரக்கக் கேளும். "பின்ன அவிய ஜெயிச்சாரா, தோத்தாரா?" நல்ல கேள்வி. கேட்டவர் உட்காரும், சொல்கிறேன்.

தோற்றார். அந்த வாரத்திலேயே லண்டனில் பல்வலி குணமாகிவிட்டது. பழைய துணைவேந்தர் திரும்பி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், பல்லைக் காட்டாமல் கையெழுத்துப் போட்டார். தெம்வாவை வகுப்பிலிருந்தே கொண்டுபோனார்கள். கரும்பலகையில் பாதி வாக்கியம் நின்றதாம். நம் அய்யாவையும் அம்மாவையும் விமானத்தில் ஏற்றினார்கள். வானொலி மட்டும் அடுத்த மாதம் சற்று இறங்கி வந்தது. சில இடங்களில் மழை கொஞ்சம் தாமதம் என்று ஒத்துக்கொண்டது. கிழக்கு மாவட்டங்களுக்கு லாரிகளில் மாவு போனது. மாவு போனது யாரால் என்று வானொலி சொல்லவில்லை. தெம்வா இன்றும் சிறையில்தான் இருக்கிறார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை.

தோற்றவருக்கு எதற்கு ஸ்வீகரணம்? எங்கள் விழாக் குழுவிலேயே இதைக் கேட்டார்கள். ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் மாடியும் முடிந்திருக்கும், மானமும் இருந்திருக்கும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. துணைவேந்தர் என்றால் என்ன? அங்கியா? காரா? காரின் முன்னால் பறக்கும் கொடியா? பட்டமளிப்பு விழாவில் நடுவில் அமரும் நாற்காலியா? ஓர் ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது அவள் முதுகு வகுப்பின் பக்கம் இருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒற்றன் இருக்கலாம், காவலன் இருக்கலாம், கட்சி இருக்கலாம். அந்த முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர்தான் துணைவேந்தர். பல்வலி வந்தவன் நிற்கவில்லை. பதவியில் பல்லாண்டு இருந்தவன் நிற்கவில்லை. பொறுப்புக்கு வந்த நம் கொல்லயில்காரர் நின்றார். சில நாட்கள்தான் நின்றார். தள்ளிவிடும் வரை நின்றார். நிற்பது என்றால் அதுதான். தள்ளினால் விழாமல் இருப்பதற்கு அவர் என்ன மின்கம்பமா?

இனி நான் சொல்லப்போவது நோட்டீசில் இல்லாதது. இந்த விழாவுக்கு அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பொன்னாடை வேண்டாம், புகழ்மாலை வேண்டாம், அவள் உள்ளே இருக்கையில் எனக்கு எதற்கு என்றார். ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தார். தெம்வாவை விடுதலை செய்ய வேண்டும் என்று இந்த வாசகசாலை ஒரு தீர்மானம் நிறைவேற்றி அந்த அரசுக்கு அனுப்ப வேண்டும்.

நம் வாசகசாலை தீர்மானம் போட்டதில்லையா? வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லிப் போட்டோம். போர் நின்றது, நம்மால்தான் நின்றது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தீர்மானத்துக்குக் குழுவில் தயக்கம் வந்தது. கொல்லயிலிலிருந்து போகிற காகிதத்தை அங்கே எவன் வாசிக்கப் போகிறான் என்று ஒருவர் கேட்டார். கணவரோடு வந்திருந்த ஆனந்தவல்லி அம்மையார் அப்போதுதான் பேசினார்.

"வாசிக்கண்டாம். அவளைக் கேக்கியதுக்கு எங்கேயோ ஒரு ஊரு உண்டுன்னு அவன்மாருக்குத் தெரியட்டு. ஆளு கேக்க இல்லாதவளைத்தான் கொன்னுபோடுவானுவ."

ஆனால் தயக்கம் தீரவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். நம் பொன்னையன் அண்ணாச்சியின் மகன் விஜயதாஸ் அதே நாட்டில்தான் பள்ளிக்கூட ஆசிரியராக இருக்கிறார். மனைவியோடும் குழந்தையோடும் இருக்கிறார். அந்த அரசைக் குறை சொல்லி ஒரு காகிதம் போகிறது, அதன் அடியில் பொன்னையன் என்ற கையெழுத்து இருக்கிறது என்றால் என்ன நடக்கும் என்று சொல்ல நான் சோதிடன் அல்ல. ஒன்றும் நடக்காமல் போகலாம். நடக்கவும் செய்யலாம். இந்தக் கவலை கோழைத்தனம் அல்ல. தகப்பனின் கவலை. அதை ஏளனம் செய்பவன் இந்த மேடையில் ஏறக் கூடாது. நம் வாசகசாலைச் செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டோம். வாசகசாலையின் விதிப்படி தலைவர் ஒப்பமில்லாத தீர்மானம் செல்லாது. வேறு யாரும் அவருக்காகப் போட முடியாது.

ஆகவே நான் தலைவரை வற்புறுத்தப் போவதில்லை. அவர் பக்கம் திரும்பக்கூடப் போவதில்லை. தீர்மானத்தை வாசிக்கிறேன், உங்கள் கைகளைக் கேட்கிறேன், மற்றது அவர் மனம்.

"வகுப்பறையில் உண்மையைச் சொன்ன ஆசிரியை தெம்வா அவர்களை உடனே விடுதலை செய்ய வேண்டும் என்று கொல்லயில் அறிவொளி வாசகசாலையில் கூடியிருக்கும் மக்கள் கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவுதான் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

ஏன் தயங்குகிறீர்கள்? புரிகிறது. எல்லாரும் தலைவரின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அவருடைய பிள்ளை, நாம் எப்படி என்று நினைக்கிறீர்கள். அதுவும் நியாயம்தான். நான் காத்திருக்கிறேன். காரோட்டுக்குக் கடைசி பஸ் போனாலும் காத்திருக்கிறேன்.

தாய்மார் பக்கத்தில் ஒரு கை தெரிகிறது. விளக்கு கண்ணில் அடிக்கிறது, யார் என்று தெரியவில்லை. செல்லசாமி, அந்த விளக்கைக் கொஞ்சம் திருப்பும்.

சரோஜம் அக்கா. விஜயதாஸைப் பெற்றவர்.

அக்கா, கையை இறக்கிவிடலாம், எண்ணியாயிற்று. இறக்கமாட்டீர்கள், சரி.

இப்போது பின்னால் தூக்குகிறார்கள். வாழைக்குலைக் கடை தூக்குகிறது. ஆலமரத்தடியில் கேள்வி கேட்டவரும் தூக்குகிறார், நல்லது, அவர் எந்தக் கட்சி என்று நான் கேட்கமாட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்களும் தூக்குகிறார்கள். உங்கள் பஸ் போய்விட்டதே அன்பர்களே, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்லவில்லை. எதிர்ப்பவர்கள்? இல்லை. நடுநிலை? இல்லை. இனி மேடை.

தாணுமாலயன் அய்யா கண்ணாடியைத் துடைக்கிறார். இந்த முறை யாரையும் எதிர்ப்பதற்காக அல்ல என்று நினைக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளை மடியில் உறங்க வைத்துக்கொண்டு தாங்கள் உறங்காத தாய்மார்க்கும், பஸ்ஸைத் தவறவிட்ட வழிப்போக்கர்க்கும், பெயர் தெரியாத ஒரு சிறைக்குள் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் எங்கள் ஆசிரியைக்கும் இந்த எல்லையோரத்து எளியவனின் நன்றி. என் உரையை இத்துடன் முடிக்க வேண்டும். தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். நேரம் ஆகிவிட்டது என்று சொல்கிறார் என நினைத்தேன். இல்லை. பேனா கேட்கிறார்.

கொடுத்துவிட்டு அமர்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.